மானிப்பாயில் பிறந்த டொக்டர் மைனரும் நான் கற்ற ஆங்கிலச் சொற்களும்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறிய மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்த திரி. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் படித்தோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஐயா தன் பழைய ஒக்ஸ்போர்ட் அகராதியை எடுத்து வைப்பார். நாளுக்கு ஒரு சொல். பாடப்புத்தகத்தில் வராத, கேட்டவுடன் சிரிப்பு வருகிற சொல்லாக அவர் தேடித் தருவார். அதைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுத வேண்டும்.

கோலிவொபிள்ஸ் என்ற சொல்லை அவர் தந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று பகல் குண்டு விமானம் வந்து போயிருந்தது. பங்கருக்குள் என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரவு ஐயா அகராதியைத் திறந்து, அவளுக்கு வந்ததற்கு இங்கிலீசில் ஒரு பெயர் இருக்கிறது என்றார். பயத்தால் வயிற்றைக் கலக்குவதுதான் கோலிவொபிள்ஸ். தங்கை அந்தச் சொல்லை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பிறகு பிளபர்காஸ்ட் வந்தது. வாயடைத்துப் போகும்படி ஒருவரைத் திகைக்க வைப்பது. டிஸ்கொம்பொபியுலேட் வந்தது. ஒருவரைத் தலைகால் தெரியாமல் குழப்பிவிடுவது. அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டில் விளையாட்டாகக் கட்டிய சொல். செரண்டிபிட்டி வந்தது. தேடாத நல்ல பொருள் தற்செயலாகக் கையில் அகப்படுவது. இந்தச் சொல்லை 1754இல் ஹோரஸ் வோல்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் உண்டாக்கினார். செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவரைப் பற்றிய பழங்கதை ஒன்றிலிருந்து அவர் அதை எடுத்தார். செரண்டிப் என்பது எங்கள் தீவின் பழைய பெயர்களில் ஒன்று என்று ஐயா சொன்னபோது, அந்தத் தடித்த புத்தகம் எங்களுக்கும் உரியதுதான் என்று முதன்முதலாக நினைத்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தது. அம்மா அரிசியும் சீனியும் கட்டினார். ஐயா சைக்கிள் கரியரில் அகராதியை வைத்துக் கட்டினார். செம்மணி வெளியில் மழை. அடுத்த நாள் பார்த்தபோது புத்தகம் ஊறி இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. காய வைத்துக் காய வைத்து வாசித்தோம். எம் எழுத்துக்குப் பிறகு வந்த பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. அதனால் என்னுடைய சொற்களெல்லாம் முதற் பாதி எழுத்துகளிலேயே நின்றுவிட்டன.

பல வருடங்கள் கழித்து, ஆங்கில ஆசிரியரான பிறகுதான், ஒக்ஸ்போர்ட் பேரகராதிக்கு அள்ளி அள்ளிச் சொற்சான்றுகள் அனுப்பிய ஒருவர் மானிப்பாயில் பிறந்தவர் என்று வாசித்தேன். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். அவர் போரில் கடமையாற்றியவர், மனம் சிதைந்தவர், ஒரு கொலை செய்தவர். அவருடைய பெயர் வில்லியம் செஸ்ரர் மைனர்.

மானிப்பாய் அச்சகம்

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். வட்டுக்கோட்டை செமினறி, உடுவில் மகளிர் பாடசாலை, மானிப்பாய் வைத்தியசாலை என்று அதன் தடங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த மிஷனின் அச்சகத்தை நடத்துவதற்காக ஈஸ்ட்மன் ஸ்ரோங் மைனர் என்ற அச்சுத் தொழிலாளி அமெரிக்காவிலிருந்து 1834இல் மனைவியோடு மானிப்பாய் வந்து சேர்ந்தார். அதே வருடம் ஜூன் மாதம் அவர்களுக்கு வில்லியம் பிறந்தான்.

பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது தாய் காசநோயால் இறந்தார். தகப்பன் பின்னர் மறுமணம் செய்துகொண்டார். சிறுவன் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் அச்சுப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. 1841இல் உதயதாரகை பத்திரிகை அங்கே அச்சாகத் தொடங்கியது. 1842இல், சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அகராதி அங்கே அச்சானது. ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்ட அந்த நூலை யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் அடுக்கிப் பொருள் சொன்ன ஆரம்ப கால அச்சு நூல்களில் அது ஒன்று. அந்த ஈய எழுத்துகள் கோக்கப்பட்டபோது வில்லியத்துக்கு வயது எட்டு. அந்த வயதுப் பிள்ளை அச்சகப் பக்கம் போகாமல் இருந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

14 வயதில் அவனைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பிறந்த மண்ணுக்கு அவன் திரும்பி வரவில்லை.

போரும் அதன் பிறகும்

மைனர் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1863இல் வெளியேறினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். வடக்குப் படையில் அறுவை வைத்தியராகச் சேர்ந்தார். 1864 மே மாதம் வேர்ஜீனியா மாநிலத்தில் வில்டர்னஸ் என்ற காட்டுப் பகுதியில் பெரிய சண்டை நடந்தது. காடு தீப்பற்றிக்கொண்டது. எழுந்து ஓட முடியாத காயக்காரர்கள் நெருப்பில் அகப்பட்டார்கள். மைனர் அந்தக் களத்தில் கடமையாற்றினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். படையை விட்டு ஓடிய ஓர் ஐரிஷ் சிப்பாயின் முகத்தில் சூடு வைக்கும்படி அவருக்குக் கட்டளை இடப்பட்டது என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான ஆவணம் கிடையாது. ஆனால் ஐரிஷ்காரர்கள் தன்னைப் பழிவாங்கத் தேடி வருகிறார்கள் என்ற அச்சம் பின்னாளில் அவரை விடவில்லை என்பது உண்மை.

அந்தக் காலத்தில் போரில் மனம் உடைந்தவர்களுக்கு நல்ல பெயர்கூட இருக்கவில்லை. வடக்குப் படை வைத்தியர்கள் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் சீட்டில் நொஸ்டால்ஜியா என்று எழுதினார்கள். இன்று நாங்கள் பழைய பாட்டுக் கேட்டால் வரும் இனிய ஏக்கத்துக்கு அந்தச் சொல்லைப் பாவிக்கிறோம். அது பிறந்தது நோயின் பெயராக. 1688இல் ஜொஹானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர் கிரேக்க மொழியில் வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு சொற்களை ஒட்டி அதைச் செய்தார். ஊருக்குத் திரும்ப முடியாததால் வரும் வலி. அந்த நோய் என்னவென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு சிப்பாயின் இதயம் என்று ஒரு பெயர் வந்தது. முதலாம் உலகப் போரில், 1915இல், ஷெல் ஷொக் என்ற பெயர் மருத்துவ இதழில் ஏறியது. அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தக் கோளாறு என்ற இன்றைய பெயரை அமெரிக்க மனநல வைத்தியர்கள் தங்கள் கைநூலில் சேர்த்தது 1980இல்தான்.

மைனருக்கு வந்தது இதில் எது, போர் இல்லாவிட்டாலும் அது வந்திருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. போர் முடிந்து சில வருடங்களில் அவர் மாறிவிட்டார். கூட இருந்த அதிகாரிகள் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நினைத்தார். இரவில் தூங்கவில்லை. 1868இல் வொஷிங்டனில் இருந்த அரச மனநோய் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு ஒன்றரை வருடம் அளவில் இருந்தார். பிறகு படை அவரை ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு அனுப்பியது. 1871இல் ஓய்வெடுக்கவும் ஓவியம் வரையவும் என்று லண்டனுக்குக் கப்பல் ஏறினார். துப்பாக்கியையும் கொண்டு போனார்.

ஒரு தொழிலாளியின் சாவு

லண்டனில் அவர் எடுத்த அறை லம்பெத் என்ற ஏழைப் பகுதியில் இருந்தது. இரவில் ஆட்கள் அறைக்குள் நுழைந்து தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று நம்பினார். பொலிசாரிடமும் போய் முறையிட்டார். 1872 பெப்ரவரி 17ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியளவில், அறையை உடைத்து வந்தவனைத் துரத்துவதாக நினைத்து வீதியில் இறங்கிச் சுட்டார். விழுந்தவர் ஜோர்ஜ் மெரெட். மதுபான ஆலையில் நெருப்புக்கு நிலக்கரி போடுகிற தொழிலாளி. அதிகாலை முறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மைனரை அவருக்குத் தெரியாது. வீட்டில் ஆறு பிள்ளைகள். மனைவி எலைசா ஏழாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தை நான் வேகமாகக் கடக்க விரும்பவில்லை. மைனரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், அகராதிக் கதைக்குப் போகிற அவசரத்தில் மெரெட்டை ஒரு வரியில் விட்டுவிடுவார்கள். வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்ற செய்தியை விடியற்காலையில் கேட்ட பெண்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர். சுட்டவர் யார், அவருடைய மனநிலை என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாவது கேள்வி. அன்று மத்தியானம் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் முதற் கேள்வி.

நீதிமன்றம் மைனர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கண்டு, அவரைக் குற்றவாளியாக்காமல் புரோட்மூர் மனநோயாளர் காப்பகத்துக்கு அனுப்பியது. குற்றம் செய்த மனநோயாளருக்காக 1863இல் திறக்கப்பட்ட இடம் அது. லண்டனுக்கு மேற்கே, குரோதோர்ன் என்ற ஊரில் உள்ளது. 1872 ஏப்ரலில் உள்ளே போன மைனர் 38 வருடங்கள் அங்கே இருந்தார்.

அந்த இடத்துக்கு அவர்கள் சொன்ன பெயர் அசைலம். இந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. 1983க்குப் பிறகு எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பெயரை விட அதிகமாக உச்சரிக்கப்பட்ட ஆங்கிலச் சொல் அது. அண்ணன் கனடாவில் அசைலம் அடித்திருக்கிறான், மச்சானின் அசைலம் நிராகரிக்கப்பட்டுவிட்டது என்று கதைத்தோம். கிரேக்க மொழியில் அதன் வேர் பறித்துச் செல்ல முடியாத இடம் என்பது. ஓடி வந்தவரை யாரும் உள்ளே புகுந்து இழுத்துப் போக முடியாத கோவில் அது. பிறகு மனநோயாளரை அடைத்து வைக்கும் வீட்டுக்கு அந்தப் பெயர் போனது. பிறகு நாடிழந்தவர் கேட்கும் அடைக்கலத்துக்கு வந்தது. மைனருக்கு புரோட்மூர் இரண்டுமாக இருந்தது. வெளியே போக முடியாது. வெளியிலுள்ள சட்டம் அவரைத் தூக்கில் போடவும் முடியாது.

சீட்டுகள்

ஓய்வூதியம் வந்துகொண்டிருந்ததால் அவருக்குப் புத்தகம் வாங்கப் பணம் இருந்தது. அவருக்குக் கொடுத்த இரண்டு அறைகளில் ஒன்று மெல்ல மெல்ல நூலகம் ஆனது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுப் பழைய நூல்களை லண்டனில் இருந்து வரவழைத்தார். எலைசா மெரெட் சில காலம் அவரைப் பார்க்க வந்து போனார் என்றும், வரும்போது லண்டன் கடைகளில் இருந்து அவருக்குப் புத்தகப் பொதிகள் கொண்டு வந்தார் என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. 2019இல் வந்த திரைப்படம் இருவருக்கும் இடையில் காதலைக் காட்டியது. அது படத்துக்காகச் சேர்த்தது. கணவனைக் கொன்றவரின் முன்னால் ஒரு பெண் போய் இருந்தார் என்பதே போதிய பெரிய செய்தி. ஏன் போனார் என்று என்னால் சொல்ல முடியாது. மன்னித்தவர்களையும் எனக்குத் தெரியும், மன்னிக்காதவர்களையும் தெரியும். இரு பகுதியினரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

1879இல் ஜேம்ஸ் மரே என்பவர் புதிய ஆங்கில அகராதியின் ஆசிரியரானார். ஸ்கொட்லாந்தில் ஒரு தையற்காரரின் மகன். 14 வயதோடு பாடசாலையை விட்டவர். தானாகவே பல மொழிகளைப் படித்துப் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஆங்கிலத்தில் வந்த ஒவ்வொரு சொல்லும் எப்போது முதலில் எழுதப்பட்டது, அதன் பொருள் எப்படி மாறி வந்தது என்பதைப் பழைய நூல்களின் சான்றோடு காட்டுவது அந்த அகராதியின் நோக்கம். ஒரு மனிதரால் அத்தனை நூல்களையும் வாசிக்க முடியாது. ஆகவே ஆங்கிலம் வாசிக்கும் எல்லோருக்கும் அவர் அழைப்பு விடுத்தார். ஆளுக்கொரு நூலை எடுங்கள், சொல்லையும் அது வந்த வசனத்தையும் நூலின் பெயர், ஆண்டு, பக்கத்தோடு ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்பது அதன் சாரம். வந்து குவிந்த சீட்டுகளைப் பிரித்து அடுக்கத் தன் வீட்டு வளவில் தகரக் கொட்டகை ஒன்று போட்டார். உள்ளே 1,029 அறைப்பெட்டிகள்.

இங்கேதான் என்னைப் போன்றவர்கள் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. தொண்டர்கள் விசித்திரமான, வண்ணமான சொற்களையே தேடித் தேடி அனுப்பினார்கள். சாதாரணச் சொற்களை யாரும் கவனிக்கவில்லை. அபியூஷன் என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டுகள் அளவில் வந்தன. நாளாந்தம் பாவிக்கும் அபியூஸ் என்ற சொல்லுக்கு ஐந்துகூட வரவில்லை. மரே இதைச் சொல்லி அலுத்துக்கொண்டார்.

அந்த அழைப்பு மைனரின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் வேலை செய்த விதம் வேறு. ஒரு நூலை வாசிக்கும்போது கண்ணில் பட்ட பயனுள்ள சொற்களை எல்லாம் பக்க எண்ணோடு ஒரு சிறு கொப்பியில் அகர வரிசையில் பதிந்துகொள்வார். நூலுக்கு ஒரு பட்டியல். சீட்டு அனுப்ப அவசரப்பட மாட்டார். இப்போது உங்களுக்கு எந்தச் சொல் வேண்டும் என்று ஒக்ஸ்போர்டுக்கு எழுதிக் கேட்பார். சொல் வந்ததும் தன் பட்டியல்களைப் புரட்டி, எந்தெந்த நூலில் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்று பார்த்துச் சீட்டுகளை எழுதி அனுப்புவார். தனக்குப் பிடித்ததை அல்ல, அங்கே இல்லாததை அனுப்பினார். அதனால்தான் அவருடைய உதவி மற்றவர்களின் உதவியை விடப் பல மடங்கு பெறுமதியாக இருந்தது. கடந்த நான்கு நூற்றாண்டுகளின் ஆங்கிலத்தை மைனரின் சீட்டுகளை மட்டும் வைத்தே விளக்கிவிடலாம் என்ற கருத்தை மரே 1899இல் எழுதினார்.

அவர் ஆர்வத்தோடு அனுப்பியவற்றில் கட்டுமரம், சுண்ணாம்பு, கச்சேரி ஆகிய சொற்களின் ஆங்கில வடிவங்களும் இருந்தன. கற்றமரான் எங்கள் கட்டுமரமேதான். அதைப் போல செரூட் என்பது சுருட்டு. மலிகடோனி என்பது மிளகுத்தண்ணீர். மாணிக்கமும் நீலக்கல்லும் சேர்ந்த கனிமத்துக்குப் பெயரான கொரண்டம் என்பது குருந்தம். இந்தச் சொற்களைப் பார்த்தபோது அவருக்கு மானிப்பாய் நினைவு வந்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

மரேயின் வருகை

இருவரின் முதற் சந்திப்பைப் பற்றி ஒரு கட்டுக்கதை உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. மைனரை அந்த வைத்தியசாலையின் வைத்தியர் என்றே மரே நினைத்திருந்தாராம். நேரில் போனபோதுதான் அவர் நோயாளி என்று தெரிந்ததாம். 1915இல் ஒரு சஞ்சிகையில் வந்த இந்தக் கதை உண்மையல்ல. அமெரிக்க நூலகர் ஒருவர் மூலம் மரேக்கு முன்கூட்டியே விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் 1891 ஜனவரியில் போனார். இந்த உண்மை எனக்குக் கட்டுக்கதையை விடப் பிடித்திருக்கிறது. தெரியாமல் போய் அகப்படுவதில் என்ன இருக்கிறது. கொலை செய்தவர், மனநோயாளி என்று தெரிந்துகொண்டு, ரயில் ஏறிப் போய், அறையில் இருந்து, சொற்களைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தார் மரே. அதன் பிறகும் பல தடவை போனார். இருவருக்கும் நீண்ட வெள்ளைத் தாடி. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அண்ணன் தம்பி போல இருப்பார்களாம்.

வேலை அவரைக் குணப்படுத்தியது என்று எழுதினால் அது பொய். பகலில் ஒழுங்காகச் சீட்டு எழுதிய மனிதர், இரவில் தரைக்குக் கீழால் ஆட்கள் வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டுதான் இருந்தார். வருடக்கணக்கில் அதே முறைப்பாடுகளை எழுதிக் கொடுத்தார். 1902 டிசெம்பரில் தன் உடலின் ஓர் உறுப்பைத் தானே வெட்டிக்கொண்டார். அதன் பின் உடலும் தளர்ந்தது, சீட்டுகளும் குறைந்தன. இன்று கிடைக்கிற மருந்து எதுவும் அன்று இருக்கவில்லை. அன்று இருந்தது பூட்டிய கதவு, கொஞ்சம் புத்தகம், ஒரு நண்பர்.

முதிர்ந்த நோயாளியை அவருடைய நாட்டுக்கே அனுப்ப வேண்டும் என்று மரேயும் மற்றவர்களும் முயன்றார்கள். 1910இல் உள்நாட்டு அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் அதற்கு உத்தரவிட்டார். சகோதரர் வந்து கூட்டிப் போனார். வொஷிங்டனில் முன்பு இருந்த அதே வைத்தியசாலை. அங்கே அவருடைய நோய்க்கு ஒரு பெயர் வைத்தார்கள். இன்று நாங்கள் அதைச் சிசோபிரேனியா என்போம். 1919இல் கனெக்டிகட் மாநிலத்தில் முதியோருக்கான காப்பகம் ஒன்றுக்கு மாற்றினார்கள். 1920 மார்ச் 26ஆம் திகதி இறந்தார். நியூஹேவன் நகரில் புதைத்தார்கள்.

மரே 1915இல், ரீ எழுத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது இறந்துவிட்டார். பத்து வருடத்தில் முடியும் என்று தொடங்கிய அகராதி 1928இல்தான் நிறைவு பெற்றது. 4,14,825 சொற்கள், 18 இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். இருவரும் அதைப் பார்க்கவில்லை.

என் கொப்பியில் ஒரு சொல்

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

2011இல் நான் படிப்பித்த வகுப்பில் வன்னியிலிருந்து வந்த பொடியன் ஒருவன் இருந்தான். பிந்தி வருவான். வந்தால் மேசையில் தலை வைத்து நித்திரை கொள்வான். எனக்கு அப்போது வண்ணச் சொற்களில் பெருமை அதிகம். ஒரு நாள் அவனை எழுப்பி, முழு வகுப்புக்கும் முன்னால் நின்கம்பூப் என்றேன். எல்லோரும் அந்தச் சொல்லின் ஓசைக்குச் சிரித்தார்கள். பொருளையும் கரும்பலகையில் எழுதினேன். மடையன். அவன் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவன் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவன் என்றும், இரவில் கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்துவிட்டு விடியும்வரை முழித்திருப்பான் என்றும், விடிந்த பிறகுதான் கண் அயருவான் என்றும் பிறகு அவனுடைய தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒழுங்கையில் அவனை விசரன் என்று கூப்பிடுகிறார்கள் என்றும் சொன்னார். தரைக்குக் கீழால் ஆள் வருகிறது என்று நினைத்து இரவு முழுவதும் விழித்திருந்த மைனரைப் பற்றி நான் வாசித்தது இதற்குப் பிறகு. வாசிக்கும்போது எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் வந்தது.

நின்கம்பூப் என்ற சொல்லின் வேரையும் பிறகு தேடினேன். 1755இல் அகராதி செய்த சாமுவேல் ஜோன்சன், அது தன் மனம் தன் வசம் இல்லாதவர் என்ற பொருள்படும் லத்தீன் சட்டச் சொற்றொடரில் இருந்து வந்தது என்று கருதினார். பின்வந்த அறிஞர்கள் அதை ஏற்கத் தயங்குகிறார்கள். ஜோன்சன் சொன்னது பிழையாக இருக்கலாம். எனக்கு அது குத்தியது குத்தியதுதான். பொருள் தெரியும் என்று நினைத்து நான் பாவித்த சொல் அது.

இரண்டு வருடம் கழித்து அவனுடைய வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல் என்று அவனுக்கு நினைவில்லை. வகுப்பு சிரித்தது நினைவிருந்தது. அவன் திரும்பிப் படிக்க வரவில்லை. மேசன் வேலைக்குப் போகிறான் என்றும், மாதத்தில் ஒரு நாள் கிளினிக் போய் மருந்து எடுக்கிறான் என்றும் தாய் சொன்னார். இப்போது கொஞ்சம் நித்திரை வருகிறதாம்.

எங்கள் ஊர்களில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குள் வைத்துப் பூட்டியும், சாமியார்களிடம் கூட்டிப் போயும், ஊரார் கேலிக்குப் பயந்து மறைத்தும் வைத்திருக்கிறோம். மைனருக்கு இல்லாத மருந்து இன்று இருக்கிறது, மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மருந்தோடு சேர்த்து அவர்களால் செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். பூட்டிய அறைக்குள் இருந்த ஒருவரிடம் இந்தச் சொல் உங்களிடம் இருக்கிறதா என்று மரே கேட்டார். அது இரக்கத்தால் கேட்ட கேள்வி அல்ல. அவருக்கு உண்மையாகவே அந்தச் சொல் தேவைப்பட்டது.

ஐயா போய் ஏழு வருடம். பக்கங்கள் ஒட்டிப் போன அகராதி என் மேசையில் இருக்கிறது. வகுப்பில் இப்போதும் நாளுக்கு ஒரு வண்ணச் சொல் கொடுக்கிறேன். கோலிவொபிள்ஸ் கொடுக்கிறேன், செரண்டிபிட்டி கொடுக்கிறேன். நின்கம்பூப் கொடுப்பதில்லை. அசைலம் என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு முழுப் பாடவேளை எடுக்கிறேன். அந்த நாளில் மானிப்பாய் அச்சகத்துப் பிள்ளையின் கதையையும், அதிகாலையில் வேலைக்குப் போன ஜோர்ஜ் மெரெட்டின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.